இரண்டு கப்பல் காசு

பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவளுக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடும் பழக்கம் கிடையாது. காய் வாங்கப் போனால் தராசு அடங்கும் வரை குனிந்து நின்று பார்ப்பாள். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி படிக்காமல் காசை நீட்ட மாட்டாள். கணவர் "வெளியிலேயே சாப்பிட்டுட்டேன்" என்றால்கூட, எங்கே, யாரோடு, என்ன என்று ஒரு குறுக்கு விசாரணை நடக்கும்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் வந்து படுத்த காகிதங்கள் அப்படி. வெள்ளை மை தடவி வயதைக் குறைத்துக்கொண்ட சான்றிதழ்கள், செத்துப்போன பெரியப்பா செத்த பிறகு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள், தாள் மேல் தாளை ஒட்டிக்கொண்டு வந்து "ஒட்டின கோடு தெரியாம எடுத்துக் கொடுங்கக்கா" என்று குழைகிறவர்கள். எல்லாரையும் பார்த்தாயிற்று. உலகத்தில் பாதிப் பேர் கோட்டை மறைத்துக்கொண்டு அலைகிறவர்கள் என்பது அவள் முடிவு. மீதிப் பாதி அவள் கணவரைப் போல, அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாதவர்கள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நல்ல மனுஷன். யார் வந்து மிளகாய் அரைத்தாலும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதுதான் அவளுக்குக் கவலை.

அந்தக் காசு வந்தது வாகன நிறுத்தத்தில் டிக்கெட் கிழிக்கிறவரிடமிருந்து. காலையில் நோட்டைக் கொடுத்து அவரிடம் ஒரு பை சில்லறை வாங்கி வைத்துக்கொள்வாள். அன்று ஒரு ஆள் பிரதி எடுத்துவிட்டுப் போனவர் படியிலிருந்து திரும்பி வந்தார்.

"அக்கா, இதை மாத்திக் கொடுங்க. நம்பரே இல்லாத காசு."

வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழக்கமான பாய்மரக் கப்பல். மறு பக்கத்தில் பெரிய எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே கப்பல், ஆனால் உள்ளே குழிந்து, இடம் வலம் மாறி, எழுத்தெல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. கண்ணாடியில் கப்பலைப் பார்ப்பது போலிருந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது கள்ளக் காசு என்றுதான். வேறு காசு கொடுத்து அந்த ஆளை அனுப்பிவிட்டு, அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது வேண்டுமென்றே தன் கையில் இதைத் திணித்து, பின்னாலேயே ஆளை அனுப்பப் போகிறார்களோ? அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே கல்லாப் பெட்டியை ஒரு மாதிரி பார்ப்பதாகப் பட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் காட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது அச்சுப் பிசகின காசா இருக்கும். போன்ல பார்த்திருக்கேன். இதுக்குன்னே அலையறவங்க இருக்காங்க. நல்ல விலை போகும்."

"போன்ல காட்டினா எல்லாம் நிஜமா? யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. உங்க வேலை இடத்துல மூச்சு விடக் கூடாது."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றார் அவர். அவர் அப்படிச் சொன்ன வேகமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

நல்ல விலை என்ற சொல் மட்டும் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கடையில் இருந்த இயந்திரம் காகிதத்தைத் தின்று துப்பிக்கொண்டிருந்த காலம் அது. புது இயந்திரத்தை மனதில் வாங்கி, பழையதை வைத்திருந்த மூலையில் நிறுத்தி, அதன் மூடியைத் திறந்து மூடிக்கூடப் பார்த்துவிட்டாள்.

கடிகாரக் கடைகள் இருந்த சந்தில், மாடியில், பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் மெலிந்த ஒரு மனிதர், நெற்றியில் தூக்கிவிட்ட பூதக் கண்ணாடியோடு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். காசைக் கைக்குட்டையிலிருந்து பிரித்து வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்தார், சின்னத் தராசில் போட்டார், எடுத்தார். பிறகு, "இருங்கம்மா, உள்ள வெளிச்சம் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

அவளுக்கு மூக்கு வியர்த்தது. கடைக்கு ஜன்னல் இந்தப் பக்கம்தான். உள்ளே என்ன வெளிச்சம் வாழ்கிறது? மேஜையின் மேல் சாய்ந்து, குதிகாலைத் தூக்கிக்கொண்டு திரை இடுக்கில் பார்த்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"வைஸ் இடுக்கியில வச்சு நசுக்கினதும்மா. பட்டறையில ரெண்டு காசை முகத்துக்கு முகம் வச்சு இறுக்கினா ஒண்ணோட பொம்மை இன்னொண்ணுல குழியா விழும். வேலையில்லாதவன் பண்றது. விலை போகாது."

"நிச்சயமாவா?"

"வாரத்துக்கு நாலு பேர் இந்த மாதிரி கொண்டு வர்றாங்க. வேணும்னா வச்சுட்டுப் போங்க. வர்றவங்களுக்குப் போலி எப்படி இருக்கும்னு காட்ட உதவும். காசோட மதிப்பைக் கொடுத்துடறேன்."

"வேண்டாம். கொடுங்க."

படி இறங்கியதும் காசை வெயிலில் காட்டினாள். கப்பலின் அடியில் அரிசி நுனி மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததை முந்தின நாளே குறித்து வைத்திருந்தாள். இருந்தது. மாற்றவில்லை. அப்படியானால் மனிதர் சொன்னதும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். அது அவளுக்கு இன்னும் வலித்தது. ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

கணவரிடம், "காசைக் காட்டினேன், போலியாம்" என்று சொன்னதோடு சரி. அடுத்த சில நாட்கள் உப்புச் சப்பில்லாமல் போயின. சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பு ஊற்ற மறந்தாள். பழைய இயந்திரம் காகிதம் தின்றபோது அதை ஒரு அறை அறைந்தாள். கணவர் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், "ஒண்ணுமில்லைங்க" என்று முடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு புது ஆள் கடைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். வழித்து வாரிய தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் காகிதம் எதுவும் இல்லை. ஜெராக்ஸ் கடைக்குக் காகிதம் இல்லாமல் வருகிறவனை அவள் எப்படி நம்புவாள்?

"என்ன எடுக்கணும்?"

"எடுக்க ஒண்ணுமில்ல. உங்ககிட்ட ஒரு காசு இருக்காமே. ரெண்டு பக்கமும் கப்பல் போட்டது. நான் வாங்கிக்கறேன்."

அவள் கை தானாகக் கல்லாவைச் சாத்தியது. "யார் சொன்னா?"

"சொன்னாங்க. சும்மா, கேள்விப்பட்டேன்" என்று அவன் திருதிருவென விழித்தான். சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தான். கடையின் ஒரு மாத வாடகைக்குச் சரியாக வரும்.

"நீங்க காசு சேர்க்கறவரா?"

"ஆமா. நிறைய. பெட்டி பெட்டியா."

"இந்த மாதிரிக் காசுக்கு என்ன பேரு?"

"அது... கப்பல் காசு" என்றான்.

போலி என்று சொன்ன காசுக்கு ஒரு மாத வாடகையா? அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் போன மனிதர் உண்மையைக் கண்டுகொண்டிருக்கிறார். நேரே கேட்டால் விலை ஏறும் என்று மட்டம் தட்டி அனுப்பிவிட்டு, மனசு விட்டுப் போன நேரம் பார்த்துத் தன் ஆளை ஏவியிருக்கிறார். ஆளும் சரியான ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"காசு இங்க இல்ல. விக்கறதாவும் இல்ல. உங்களை அனுப்பினவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

அவன் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது. நோட்டுகளை அள்ளிக்கொண்டு, "சரி, வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படி இறங்கினான்.

அவன் போன பிறகும் கடையில் ஒரு வாசனை தங்கியிருந்தது. ஆரஞ்சுத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. எங்கேயோ தெரிந்த வாசனை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை இழுத்தபோது பிடிபட்டது. கிரீஸ் போக லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் கை கழுவும் பசையின் வாசனை. அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அக்கா என்பார்கள். கிழவர்கள் அம்மா என்பார்கள். அண்ணி என்று யார் கூப்பிடுவார்கள்? இவரை அண்ணன் என்று கூப்பிடுகிறவன்தான் கூப்பிடுவான்.

"ஏன் அப்படிப் பார்க்கறே?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க."

அன்று அவளுக்குத் தூக்கம் போயிற்று. கட்டின புருஷன் அந்தக் கடைக்காரரோடு சேர்ந்துகொண்டு தன்னிடமிருந்தே காசைக் கறக்கப் பார்க்கிறாரா? பணம் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாமே. என்ன கடன், என்ன கஷ்டம், யார் கழுத்தைப் பிடிக்கிறார்கள்? அல்லது யாரோ அவர் தலையில் மிளகாய் அரைத்து, பெண்டாட்டிக்கே எதிராகத் திருப்பிவிட்டார்களா? காலையில் அவர் மாடிப்படியில் நின்று போனில் தணிந்த குரலில், "விடு, விடு, வேற வழி பார்க்கலாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எஃகு டப்பாவில் இருந்த காசை எடுத்தாள். ரவிக்கைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் காசு. மையும் காகிதமும் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நகரத்தின் மறுகோடியில் பழம்பொருள் ஏலம் விடும் நிறுவனம் ஒன்று இருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் சும்மா சிரித்ததற்குக்கூட எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஏல நிறுவனத்தில் நாணயம் பார்க்கிறவள் ஒரு பெண். குட்டை முடி, வெள்ளைக் கையுறை, எதிரே பெரிய திரையோடு இணைத்த நுண்ணோக்கி.

"என் கண்ணு முன்னாடியே பாருங்க. உள்ள எல்லாம் கொண்டு போகக் கூடாது" என்றாள் இவள்.

"உள்ளன்னு ஒண்ணு இங்க கிடையாதுங்க. இதுதான் எல்லாம்" என்று அந்தப் பெண் திரையை இவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

கப்பல் திரையில் வீட்டுக் கதவு அகலத்துக்கு வந்து நின்றது. நாணயப் பெண் காசைப் புரட்டினாள். எடை பார்த்தாள். விளிம்பைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு சாதாரணக் காசைப் பக்கத்தில் வைத்தாள்.

"நசுக்கினதுன்னு ஒருத்தர் சொன்னார்" என்றாள் இவள், அடக்க முடியாமல்.

"பார்த்தாரா, பார்க்காம சொன்னாரா?" நாணயப் பெண் ஊசி முனையைத் திரையில் நகர்த்தினாள். "வைஸ்ல வச்சு இறுக்கியிருந்தா இந்த நல்ல கப்பல் சப்பையாயிருக்கும். பாயில கயிறு கயிறா கோடு தெரியுது பாருங்க, ஒண்ணுகூட அழியல. இந்தக் குழிஞ்ச பக்கத்துல, முதல்ல இருந்த நம்பரோட தடம் எங்கயாவது மிச்சம் இருக்கணும். நீங்களே தேடுங்க."

அவள் தேடினாள். வாழ்நாளெல்லாம் ஒட்டின கோடு தேடிய கண். ஓரம் ஓரமாகப் போனாள். எண்ணின் சுவடு எங்கும் இல்லை.

"அப்படின்னா?"

"இதுல நம்பர் விழவே இல்ல. அச்சடிக்கும்போது முந்தின காசு வெளிய வராம மெஷின்லயே ஒட்டிக்கிச்சு. அடுத்த தகடு அதுமேல போய் அடி வாங்கிடுச்சு. மெஷின் பண்ண பிசகு. என் கணக்குல நிஜம். ஆனா நான் மட்டும் சொன்னாப் போதாது, இன்னும் ரெண்டு பேர் பார்த்து எழுதிக் கொடுக்கணும். சில வாரம் ஆகும். காசை விட்டுட்டுப் போகணும்."

"விட்டுட்டா?"

"ஆமாங்க."

நிஜம் என்ற சொல்லைக் கேட்டு வந்த சந்தோஷம், விட்டுட்டு என்ற சொல்லில் பாதி வடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் படம் எடுக்கச் சொன்னாள். கறுப்புப் புள்ளியை ரசீதில் எழுதச் சொன்னாள். எழுதியதைத் தானே ஒருமுறை படித்தாள். அப்படியும் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, காசு போட்ட உறை ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். நாணயப் பெண் உறையைத் திருப்பிக் காட்டினாள். அவளுக்கும் இது பழக்கம்தான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் சீக்கிரமே வந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். இதுவே சந்தேகத்துக்கு இடமானது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடைக்கு ஒரு ஆள் அனுப்பினீங்களா?"

கத்தி நின்றது. "எந்த ஆள்?"

"இஸ்திரிச் சட்டை. கை கழுவற பசை வாசனை. அண்ணின்னு கூப்பிட்டான்."

கணவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தத் தடியன்கிட்ட ஆயிரம் தடவை சொன்னேன், வாயை மட்டும் விட்டுடாதேன்னு" என்றார். "எங்க வேலை இடத்துல ஆயில்னு கூப்பிடற பையன்தான். புதுசா சேர்ந்திருக்கான்."

"அந்தக் காசுக்கடைக்காரர் உங்களுக்கு எவ்வளவு தர்றேன்னார்?"

"எந்தக் காசுக்கடைக்காரர்?"

"நடிக்காதீங்க. நோட்டு யார் கொடுத்தது?"

"நான்தான் கொடுத்தேன்."

"உங்களுக்கு ஏது?"

"பைக்குக்கு டயர் மாத்த வச்சிருந்தது, அப்புறம் கொஞ்சம் ஆயில்கிட்ட கைமாத்து." அவர் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ அதைக் காட்டிட்டு வந்ததுலேர்ந்து முகமே சரியில்ல. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி இருந்தே. காசு வித்துப் போச்சுன்னா மனசு தேறுவியேன்னு நினைச்சேன். நான் கொடுத்தா வாங்குவியா நீ? எங்கேர்ந்து வந்ததுன்னு துருவ மாட்டே? அதான் வேற ஆள் விட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து இந்த முகத்தில் திருட்டுக் களை தேடியிருக்கிறாள். இருந்ததும் உண்மைதான். ஆனால் வேறு திருட்டு.

"வாங்கின காசை என்ன பண்ணச் சொன்னீங்க அவனை?"

"எதுக்குக் கேட்கறே?"

"சொல்லுங்க."

"போலிதானே, வீட்டுக்கு வந்தா கண்ணுல பட்டுடும்னு... போற வழியில சாக்கடையில போட்டுடச் சொன்னேன்."

அவள் ஏல நிறுவனத்தின் ரசீதை எடுத்து உருளைக்கிழங்குத் தோலின் மேல் வைத்தாள். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"விக்காம இருந்தியே, மகராசி" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிவதற்குள் கண்ணும் கலங்கியது. அப்படியும், அவர் குளிக்கப் போன சமயத்தில் அவர் போனிலிருந்தே ஆயிலைக் கூப்பிட்டு, கைமாற்று எவ்வளவு, எந்த நாள் என்று தனியாகக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டாள். ஒத்துப்போயிற்று. போனை வைக்கும்போது அவன் மறுபடியும் அண்ணி என்றான்.

ஏலம் மழைக்காலத் தொடக்கத்தில் நடந்தது. மூன்று பேர் கையெழுத்திட்ட சான்றோடு காசு கண்ணாடி உறைக்குள் இருந்தது. இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் முதலில் பார்த்தது காசை அல்ல, முன் வரிசையில் தெரிந்த ஒரு மெலிந்த முதுகை. திரை இடுக்கில் பார்த்த அதே முதுகு.

"அவர்தான்" என்று கணவரின் கையைக் கிள்ளினாள்.

கப்பல் திரையில் வந்ததும் முதலில் கை தூக்கியவர் அந்த நாணயக் கடைக்காரர்தான். நடுவில் ஒரு கண்ணாடிக்காரர் ஏற்றினார். கடைக்காரர் மேலே போனார். தொலைபேசியில் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். விலை ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் அந்த மெலிந்த கை எழுந்தது. கடைசியில் தொலைபேசிக்காரருக்குப் போயிற்று. கடைக்காரர் கையை இறக்கித் தொடையில் துடைத்துக்கொண்டார். வாடகைக் கணக்கில் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு அவள் கட்டடக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

வெளியே வராந்தாவில் கடைக்காரரே அவர்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

"அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்மா. போலியே பார்த்துப் பார்த்து, காசைப் பார்க்கறதுக்கு முன்னாடியே வாய் சொல்லிடுது. படத்தைப் பார்த்ததும் உங்களோடதுன்னு தெரிஞ்சுது. நானே வாங்கிடலாம்னு பார்த்தேன், முடியல."

"திரைக்குப் பின்னாடி கொண்டு போய் என்ன பார்த்தீங்க?" என்றாள் அவள்.

அவர் தயங்கினார். "உள்ள ஒரு நல்ல பூதக் கண்ணாடி வச்சிருக்கேன். அதைத் தேடினேன். கிடைக்கல. கிடைக்கலைன்னு சொல்ல வெட்கமா இருந்துது."

கணவர் அவர் கையைப் பிடித்து, "பரவாயில்லைங்க, மனுஷனுக்குத் தப்பு வர்றதுதானே" என்றார். கடைக்காரர் தலையசைத்துக்கொண்டு குடையை விரித்துப் போய்விட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கணவர் சொன்னார்: "பாவம். ஏமாத்த நினைச்சவன் எல்லார் முன்னாடியும் முதல் வரிசையில உட்கார்ந்து கை தூக்குவானா? ஆள் விட்டு எடுத்திருக்க மாட்டானா?"

"அப்படி நாம நினைக்கணும்னுதான் முன்னாடி உட்கார்ந்தார்."

"அவர் ஏத்தலைன்னா உனக்கு இந்த விலை வந்திருக்குமா?"

"அவர் அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் வந்திருக்குமா?"

மழை வலுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள், "நல்ல கண்ணாடியைக் காணோம்னு சொன்னாரே, அது நிஜமா இருக்கலாம். இழுப்பறை திறந்து மூடற சத்தம் எனக்கும் கேட்டுது" என்றாள்.

"அப்போ நம்பறே?"

"இருக்கலாம்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பேருந்து வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.